நொய்யற்கரை ஆடைத் தொழிலும் தரம் என்னும் அளவுகோலும்

உணவு, உடை, உறையுள் என மாந்தர்க்கு இன்றியமையாதன மூன்று. அவற்றுள் உடையைத் தமக்கு வேண்டிய அளவிற்கு மேலும் ஆக்கி, கடல் கடந்த நாட்டார்க்கு விற்றுப் பொருளீட்டிய பழமை நம் நாட்டிற்கு உண்டு. ஒரு நாட்டார் ஆக்கியதை மற்றொரு நாட்டார் உடுத்த வேண்டுமாயின் இருவர்க்கும் இடையே ஓர் உடன்பாடு வேண்டும். அவ்வுடன்பாட்டிற்கே தரம் என்று பெயர். வாங்குவோர் அதனை வகுக்கின்றனர். விற்போர் அதற்கு இணங்குகின்றனர். உலக வாணிகத்தின் நடைமுறை இதுவே. ஆனால், வாங்குவோர் வகுக்கும் தரம் ஒன்றே போதுமா? அவர் கண்ணுக்குப் புலப்படாதவற்றின் தரத்தை வகுப்பவர் யார்?

இவ்வினாவிற்கு விடை தேடி, தமிழகத்துத் திருப்பூரின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நாம், ஆண்டு மலர்களில் கோயில்களையும் காவியங்களையும் பற்றி நிரம்ப எழுதியிருக்கிறோம். பட்டறைகளைப் பற்றி எழுதியது குறைவு. எனினும் நம் காலத்துத் தமிழகத்தின் பெயரை உலகின் கடைத்தெருக்களுக்குக் கொண்டு சென்றவற்றுள் பின்னலாடைக்குத் தனியிடம் உண்டு. அதன் பெருமையையும், அப்பெருமைக்குக் கொடுத்த விலையையும் ஒருங்கே அறிதல் நம் கடன்.

ஆறும் ஊரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றும் நொய்யல், கிழக்கு நோக்கி ஓடிக் கோவை, திருப்பூர் ஆகிய நகரங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது இதன் பழம் பெயர். பெரிய ஆறன்று, ஆண்டு முழுவதும் நீர் பெருகுவதுமன்று. ஆயினும், அணைகளும் வாய்க்கால்களும் குளங்களும் கோத்து, இந்தச் சிற்றாற்றைக் கொண்டே கொங்கு நாட்டார் பல நூற்றாண்டுகள் வேளாண்மை செய்து வந்தனர்.

இதன் கரையில்தான் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்தில் குறிக்கப்பெறும் கொடுமணம் இதுவே என்பது ஆய்வாளர் துணிபு. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு நிகழ்த்திய அகழாய்வுகளில் மணி செய்யும் தொழிற்கூடங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்கும் தக்களிகளும் வெளிப்பட்டன. கொங்கு நாட்டின் பல இடங்களில் உரோமானியர் காசுகள் கிடைத்துள்ளன. ஆகவே, அயல்நாட்டார் விரும்பும் பொருளைச் செய்து விற்றல் நொய்யற்கரைக்குப் புதிதன்று. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழக்கம் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் திருப்பூர் முதலில் பெயர் பெற்றது கதரால். காந்தியடிகளின் இயக்கம் பரவிய காலத்தில் தென்னாட்டுக் கதர் வாணிகத்தின் நடுவிடமாக அது விளங்கிற்று. 1932 ஜனவரியில் கொடியை விடாது தடியடி பட்டு உயிர் நீத்த குமரன் இவ்வூரால்தான் திருப்பூர்க் குமரன் ஆனார். அயல்நாட்டுத் துணியைத் தீயிலிட்ட ஓர் இயக்கத்தின் பாசறையாக இருந்த ஊர், பின்னர் அயல்நாட்டார்க்கே ஆடை விற்கும் ஊராயிற்று. இதனை முரண் என்று சிலர் கூறலாம். பிறர் துணிக்குக் கை நீட்டாமை, தன் துணியைப் பிறர் நாடி வரச் செய்தல் ஆகிய இரண்டையும் ஒரே வழியின் இரு படிகள் என்றே நாம் கருதுகிறோம்.

குறையே சிறப்பான காலம்

விடுதலைக்குப் பின் இந்திய ஆடை ஏற்றுமதியில் தரம் என்பது எத்துணை நெகிழ்வான சொல்லாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1950களின் இறுதியிலும் 1960களிலும் அமெரிக்க இளைஞரிடையே ‘மதராஸ்’ என்னும் கட்டம் போட்ட கைத்தறித் துணி பெரிதும் விரும்பப்பட்டது. அத்துணியைத் துவைத்தால் சாயம் கசிந்து ஒரு நிறம் மற்றொன்றில் பாயும். வேறு துணிக்கு இது பெருங்குற்றம். ஆனால், விளம்பரம் செய்வோர் அக்குற்றத்தையே குணமாக்கினர். சாயம் கசியும் என்பதற்கே உறுதி கூறி விற்றனர். கசியக் கசிய அழகு கூடும் என்றனர். வாங்கியோரும் மகிழ்ந்தனர்.

அத்தகைய நற்பேறு என்றும் நிலைப்பதன்று. நடையுடையின் போக்கு மாறினால் குணம் மீண்டும் குற்றமாகிவிடும். இதனை உணர்ந்தே 1963இல் நாடாளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று, ஏற்றுமதிப் பொருள்களின் தரக் கட்டுப்பாட்டையும் ஆய்வையும் பற்றியது. மற்றொன்று, நெசவுப் பொருள்களின் தரத்தைப் பேண ஜவுளிக் குழுவை நிறுவியது. அவற்றிற்கு முன்னரே, 1956இல், கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் தோன்றியிருந்தது. தரத்தைக் கண்ணால் மதிக்கும் காலம் போய்க் கருவியால் அளக்கும் காலம் வரத் தொடங்கிற்று.

பனியனிலிருந்து ஏற்றுமதி வரை

திருப்பூரின் பின்னல் தொழில் உள்நாட்டார் அணியும் வெள்ளைப் பனியனில் தொடங்கியது. நெசவில் பாவும் ஊடும் குறுக்கே செல்லும்; பின்னலில் ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோக்கப்படும். வட்டப் பின்னற்பொறி குழாய் போன்ற துணியைத் தரும். அதனை வெளுத்து, வெட்டி, தைத்தால் பனியன் ஆகிவிடும். சிறு முதல் போதும். சில பொறிகள் போதும். எனவே நிலத்தில் உழுதுகொண்டிருந்த குடிகளிலிருந்து பலர் முதலில் தொழிலாளராய்ப் புகுந்து, பின்னர்ப் பங்காளிகளாகி, நாளடைவில் கம்பெனி உரிமையாளராயினர். உழவரின் உழைப்பே முதலாக மாறிய இவ்வரலாற்றை ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

1978இல் வெரோனா என்னும் இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர் வாயிலாக இவ்வூரை நாடினார் என்பர். அது முதலாக ஐரோப்பிய வாணிகர் ஒவ்வொருவராக வரத் தொடங்கினர். வெள்ளைப் பனியன் வண்ணச் சட்டையாயிற்று. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சில கோடி ரூபாய் என்ற அளவில் இருந்த ஏற்றுமதி, 2022–23ஆம் ஆண்டில் 34,000 கோடி ரூபாயைக் கடந்தது. ஒரு தலைமுறைக்குள் இத்துணை வளர்ந்த ஊர்கள் இந்தியாவில் மிகச் சிலவே.

அளவுகோல் வந்த வகை

இவ்வளர்ச்சி எளிதில் வந்ததன்று. வாங்குவோர் தம் அளவுகோலோடு வந்தனர். ஊரார் அதனைக் கற்றனர். முதல் பாடம் சுருக்கம். பின்னல் துணியின் கண்ணிகள் வெளுக்கும்போதும் உலர்த்தும்போதும் இழுபட்டு நீள்கின்றன. வாங்கியவர் வீட்டில் துவைத்ததும் பழைய நிலைக்குச் சுருங்குகின்றன. பெரியவர் வாங்கிய சட்டை சிறுவர்க்கு ஆகிவிடும். சுருக்கம் நூற்றுக்கு ஐந்தை மிகலாகாது என்பது பொதுவாகக் கேட்கப்படும் வரம்பு. வீட்டில் சுருங்குவதைப் பட்டறையிலேயே சுருங்கச் செய்து அனுப்பும் ‘காம்பாக்டிங்’ பொறிகள் வந்த பின்னரே இக்குறை நீங்கிற்று.

இரண்டாம் பாடம் சாயத்தின் உறுதி. துணியைத் துவைத்தும் தேய்த்தும் நனைத்தும் பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுவர். ஐந்து என்றால் சாயம் சிறிதும் போகவில்லை என்று பொருள். மதராஸ் துணிக்குக் கிடைத்த மன்னிப்பு இங்கே இல்லை.

மூன்றாம் பாடம் கணக்கு. ஆயிரக்கணக்கான சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தல் இயலாது. ஆகவே உலகெங்கும் வழங்கும் ஒரு புள்ளியியல் அட்டவணையைக் கையாள்வர். சான்றாக, 3000 சட்டைகள் கொண்ட தொகுதியில் 125 சட்டைகளை எடுத்து ஆய்வர். பெரும்பாலோர் கைக்கொள்ளும் இரண்டரை விழுக்காட்டு வரம்பின்படி, ஏழு சட்டைகள் வரை குற்றமுடையனவாயின் தொகுதி ஏற்கப்படும். எட்டாவது குற்றம் கண்டால் முழுத் தொகுதியும் தள்ளப்படும். ஒரு தையற்காரரின் ஊசி ஒரு கணம் தவறுவதால் பலருடைய ஒரு மாத உழைப்பு துறைமுகம் சேராமற் போகலாம். இதனை அறிந்தபின் கவனம் என்பது குணமாக மட்டும் இராது, தொழிலாகவே ஆகிவிடுகிறது.

நான்காம் பாடம் நஞ்சு. சில அசோ சாயங்கள் உடலில் படும்போது புற்றுநோய் விளைக்கவல்ல அமீன்களாகப் பிரிகின்றன என்று கண்டு, 1994இல் ஜெர்மனி அவற்றிற்குத் தடை விதித்தது. திருப்பூரும் கரூரும் கலங்கின. ஆயினும், மாற்றுச் சாயங்களைக் கற்றுக்கொண்டன. 1997இல் இந்திய அரசும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. அயலார் தம் தோலைக் காக்க இயற்றிய சட்டம் நம் நாட்டுச் சாயத் தொழிலாளியின் கையையும் காத்தது. தரம் உயர்தலால் விளைந்த நன்மைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அளவுகோல் எட்டாத இடம்

இந்நான்கு பாடங்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. நான்கும் சட்டையைப் பற்றியன. சட்டை எங்கே சாயம் பெற்றதோ அந்த நீரைப் பற்றி அவற்றுள் ஒன்றும் பேசவில்லை.

பருத்தியும் சாயமும் நீரில் ஒன்றையொன்று விலக்கும் இயல்பின. இரண்டையும் இணைக்க உப்பு வேண்டும். அடர்ந்த நிறத்திற்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பிடுவர். சாயம் துணியில் ஏறிய பின் உப்பு முழுவதும் நீரிலேயே தங்கும். பழைய முறையில் ஒரு கிலோத் துணிக்கு நூறு லிட்டருக்கு மேற்பட்ட நீர் செலவாயிற்று. இவ்வாறு நாள்தோறும் எட்டுக் கோடி லிட்டருக்கு மேற்பட்ட கழிவுநீர் நொய்யலை அடைந்த காலம் உண்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் 1990களின் பிற்பகுதியில் எழுந்தன. அவை நிறத்தை நீக்கின; உப்பை நீக்கவில்லை. நிறம் நீங்கிய உப்புநீர் கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றியது. வேருக்கு நஞ்சாகவே இருந்தது.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் உழவர் நலனுக்கென்று கட்டிய அணை 1992இல் பயனுக்கு வந்தது. சில ஆண்டுகளில் அது கழிவுநீர்த் தேக்கமாயிற்று. அணையின் நீரைத் திறந்தால் கீழ்ப்புலங்கள் கெடும். தேக்கினால் சுற்றுக் கிணறுகள் கெடும். தென்னை குலை தள்ளவில்லை. மாடுகள் அந்நீரைக் குடிக்கவில்லை. நீர் பெறுவதற்காகக் கட்டிய அணையின் நீர் வேண்டா என்று ஆயக்கட்டு உழவர் கூறும் நிலை வந்தது. இதனினும் கொடிய முரணைப் பாசன வரலாற்றில் காண்டல் அரிது.

கரையின் மேற்புறத்தில் கம்பெனி நடத்தியோரும் உழவர் வழியினர். கீழ்ப்புறத்தில் கிணறு கெட்டு நின்றோரும் உழவர். ஒரு குடியின் ஒரு கை ஈட்டியதை மற்றொரு கை இழந்தது. இக்காலம் முழுவதும் கப்பலேறிய சட்டைகள் ஆய்வுகளில் தேறிக்கொண்டே இருந்தன என்பதை மறத்தலாகாது.

நீதிமன்றம் வகுத்த தரம்

உழவர் வீதியில் இறங்கியதோடு நீதிமன்றத்தையும் நாடினர். கெட்ட நிலங்களை அளவிட்ட சூழலிழப்பு ஆணையம் பல்லாயிரம் உழவர்க்கு இழப்பீடு வழங்கப் பணித்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கடுமையான தீர்ப்பொன்றை வழங்கியது. கழிவுநீரை வெளியேற்றுவோர் லிட்டருக்கு ஆறு காசு வீதம் தண்டம் செலுத்த வேண்டும். நாள் கடந்தால் அது எட்டுக் காசும் பத்துக் காசுமாக உயரும். ஒரு லிட்டர் கழிவுநீருக்கு விலை வைத்ததே இத்தீர்ப்பின் தனிச் சிறப்பு. அதுவரை ஆற்றில் விடுதல் செலவில்லாத செயலாக இருந்தது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும், கெடுத்தவரே அதன் செலவை ஏற்றல் வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தி, ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எய்துமாறு பணித்தது.

அந்நிலை எய்தப்படவில்லை. ஆகவே 2011 ஜனவரி 28ஆம் நாள் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 700க்கு மேற்பட்ட பட்டறைகள் ஒருங்கே அடைபட்டன. சாயமின்றித் துணி இல்லை. துணியின்றித் தையல் இல்லை. தொழிலாளர் பலர் சொந்த ஊர் திரும்பினர். சாயமேற்றத் துணி வேற்று மாநிலங்களுக்குச் சென்று வந்தது. ஊர் அழிந்தது என்றே பலரும் எண்ணினர்.

ஊர் அழியவில்லை. தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டு ஒவ்வொன்றாகத் திறந்தன. கழிவுநீரை நுண்ணுயிர்களால் தூய்மையாக்கி, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடித்து நன்னீரை மீட்பர். எஞ்சும் செறிந்த உப்புநீரைக் கொதிகலன்களில் ஆவியாக்கி உப்பையும் மீட்பர். நீரும் உப்பும் மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்லும். செலவு பெரிது, மின்சாரமும் விறகும் மிகுதியாக வேண்டும். ஆவியாக்கிய பின் எஞ்சும் கலப்புக் கழிவை என் செய்வது என்னும் சிக்கல் முழுதும் தீர்ந்ததுமன்று; பல்லாண்டு மாசுற்ற நிலத்தடி நீர் ஒரு தீர்ப்பால் தெளிந்துவிடுவதுமன்று. இவற்றை மறைத்துப் புகழ்பாடுதல் நம் நோக்கமன்று. ஆயினும், ஒரு முழு நகரத்தின் சாயத் தொழில் தன் கழிவைத் தானே உண்டு வாழக் கற்றது அரிய செயலே. அயல்நாட்டு வாணிகர் கேளாத ஒரு தரத்தைத் திருப்பூர் அடைந்தது. இன்று அதனையே தன் சிறப்பென்று அவர்களிடம் எடுத்துரைக்கிறது.

உழைப்போரின் தரம்

நீருக்குக் கிடைத்த நீதி, உழைப்போர்க்கு அதே அளவில் கிடைத்ததா? 1984இல் பஞ்சப்படி வேண்டித் திருப்பூர்த் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்னர் வேலை சிறு சிறு கூடங்களாகச் சிதறியது. ‘பவர் டேபிள்’ என வழங்கும் தையற்கூடங்களில் துண்டுக்கு இத்தனை என்னும் கூலிமுறை பெருகிற்று. சுற்றுப்புற நூற்பாலைகளிலோ, மூன்றாண்டு உழைத்தால் திருமணத்திற்கு ஒரு தொகை என்று கூறி இளம்பெண்களை விடுதிகளில் அடைத்து வைத்த சுமங்கலித் திட்டம் நெடுங்காலம் நிலவிற்று. மங்கலப் பெயர் தாங்கிய அமங்கலம் அது.

சட்டையை மட்டும் அளந்தால் என்ன நேரும் என்பதை அண்டை நாடாகிய வங்காளதேசமும் உலகிற்கு உணர்த்தியது. 2013 ஏப்ரல் 24ஆம் நாள் டாக்காவை அடுத்த சாவரில், ஆடைக்கூடங்கள் இயங்கிய ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். முந்திய நாளே சுவரில் விரிசல் காணப்பட்டிருந்தது. ஆடையின் தையலை அளந்தோர் கட்டடத்தின் தூணை அளக்கவில்லை. அதன் பின்னரே, வாணிக நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கட்டடங்களையும் தீக்காப்பையும் சோதிக்கும் கட்டுப்பாடுடைய உடன்பாட்டிற்கு வந்தன.

இன்று திருப்பூரில் தைப்போருள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலத்தார் பெருந்தொகையினர். வேற்று மொழி வழங்கும் ஊரில் வாடகைக்கு வீடு தேடுவதும், மருத்துவரிடம் நோயைச் சொல்லத் தடுமாறுவதும், பிள்ளைக்குப் பள்ளி கிடைக்குமா என்று ஏங்குவதும் எத்தகையன என்பதைப் பிறர் கூறி நாம் அறிய வேண்டுவதில்லை. நம் முன்னோர் இந்நகரங்களுக்கு வந்தபோது பட்டவை அவை. தமிழ்ச் சங்கங்கள் தோன்றியதற்குக் காரணமும் அவையே. நம்மை ஏற்ற ஊர்களிடம் நாம் எதை எதிர்பார்த்தோமோ அதனைத் தமிழகம் தன்னிடம் வந்தோர்க்கு அளித்தல் வேண்டும் என்று கேட்கும் உரிமையும் கடமையும் வெளி மாநிலத் தமிழராகிய நமக்கே மிகுதியும் உண்டு.

வரலாறு உணர்த்துவது

திருப்பூரின் வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. வாங்குவோர் தரும் அளவுகோல் அவருடைய உடலையும் பணப்பையையும் காக்கும். அதனைக் கற்றலில் இழிவில்லை, பயனுண்டு. ஆனால், ஆறும் கிணறும் தையற்கூடத்துப் பெண்ணும் அவ்வளவுகோலின் எல்லைக்கு அப்பால் நிற்கின்றனர். அவர்கட்குரிய தரத்தை நம் உழவரும், நம் தொழிற்சங்கமும், நம் நீதிமன்றமும், நம் அரசுமே வகுத்தல் வேண்டும். அவ்வாறு வகுத்த தரத்தில் ஏற்றுமதி என்றும் உள்நாடு என்றும் வேற்றுமை இராது. ஐரோப்பியர் அணியும் சட்டைக்கும், நாம் அணியும் பனியனுக்கும் சாயத்தொட்டியின் நீர் ஒன்றே, ஆறும் ஒன்றே.

கொடுமணலில் மணி செய்தோர் விட்டுச் சென்றவற்றை 2000 ஆண்டு கழித்து நாம் அகழ்ந்து கண்டு பெருமிதம் கொள்கிறோம். அதே ஆற்றங்கரையில் நம் காலத்தார் விட்டுச் செல்வதை வருங்காலத்தார் அகழ்வர். அவர்கள் உப்புப் பூத்த மண்ணைக் காணாது ஊறும் கிணறுகளைக் காண்பாராயின், தரம் என்னும் சொல்லின் பொருளை நாம் அறிந்திருந்தோம் என்று கூறுவர்.